முல்லைத்தீவு மாவட்டத்துக்கு ஒரு விவரக்கோவை: எந்தக் கணக்கை நம்புவது, எதை எழுதுவது?

பாலைப்பழம் கேட்டது:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தையும் அதன் சனங்களையும் அறிமுகப்படுத்த 12 பக்கத்தில் ஒரு விவரக்கோவை தயாரிக்கிறோம். புது நியமனத்தில் வரும் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள், வெளிநாட்டில் பிறந்த எங்கட பிள்ளைகள் ஆகியோர்தான் வாசிக்கப் போகிறவர்கள்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துச் செர்ரி கவுண்டியின் விவரக்கோவை ஒன்றை மாதிரியாக எடுத்திருக்கிறோம். அதுவும் ஒதுக்குப்புறம்தான். 2020 கணக்கெடுப்பில் 5,455 பேர், நிலமோ 15,000 சதுர கிலோமீற்றருக்கு மேல், மாட்டுப் பண்ணைதான் பிழைப்பு, வாலண்டைன் என்ற சிறு பட்டினம் தலைமையிடம். சனத்தொகை, நகரம்/கிராமம், பண்ணைகளின் எண்ணிக்கை, ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு, வருமானம், நிலவரி என்று அதில் தலைப்புகள் போகின்றன. எங்கட கணக்கையும் அதே கட்டங்களில் நிரப்பினால் சரிவருமா?

மூன்று இடத்தில் நிற்கிறோம். சனத்தொகைக்கு எந்த ஆண்டின் கணக்கை எடுப்பது? விவசாயத்தை ஒரு பக்கத்துக்குள் எப்படிச் சொல்வது? சனங்களை எந்த அடிப்படையில் பிரித்துக் காட்டுவது?

கச்சேரிப்பக்கம் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதை வயல்காரர் பார்த்துக்கொள்வார்கள்.

1981 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறத்தாழ 77,000 பேர். 1991-ல் நாடு முழுவதற்குமே கணக்கெடுப்பு இல்லை. 2001-ல் நடந்தது, ஆனால் முல்லைத்தீவு, கிளிநொச்சி இரண்டிலும் நடக்கவில்லை. 2012-ல் ஏறத்தாழ 92,000. 2024 கணக்கெடுப்பில் 1,20,000-ஐத் தாண்டியது. இந்த மூன்று புள்ளிகளையும் கோட்டால் இணைத்து, ‘சீரான வளர்ச்சி’ என்று வரைபடம் போடாதீர்கள். 1981-க்கும் 2012-க்கும் இடையில் போர், 2004 சுனாமி, 2009-ல் மாவட்டமே வெறுமையாகி முகாம்களுக்குப் போனது, பிறகு மீள்குடியேற்றம் எல்லாம் இருக்கிறது. எல்லையும் அப்படியே நிற்கவில்லை. இன்று வெலிஓயா தனிப் பிரதேச செயலகப் பிரிவாக மாவட்டத்துக்குள் இருக்கிறது. 2012-ல் பல குடும்பங்கள் திரும்பி ஒன்றிரண்டு வருடம்தான். அதனால் அதற்குப் பிந்திய அதிகரிப்பில் எவ்வளவு பிறப்பு, எவ்வளவு திரும்பி வந்தவர்கள் என்பதைச் சனத்தொகைக் கணக்கு மட்டும் காட்டாது. கோட்டுக்குப் பதில் மூன்று தனித் தூண்களைப் போட்டு, இடைவெளியை வெறுமையாகவே விடுங்கள். அந்த வெறுமையும் ஒரு தகவல்.

‘நகரம்/கிராமம்’ கட்டத்தை அடியோடு எடுத்துவிடுங்கள். இலங்கைக் கணக்கெடுப்பில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பதுதான் நகரம். முல்லைத்தீவு மாவட்டத்தில் நகர சபையே இல்லை, நான்கு பிரதேச சபைகள் மட்டும்: கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. ஆகவே புதுக்குடியிருப்புச் சந்தியில் கடைக்கு மேல் வீடு கட்டி இருப்பவரும் கணக்கில் கிராமவாசிதான். அமெரிக்காவில் 2020-லிருந்து ஓரிடத்தில் 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் இருந்தால் நகரம் என்று எண்ணுகிறார்கள். இரண்டு அளவுகோலையும் ஒரே அட்டவணையில் வைத்தால் வாசிப்பவர் பிழையாகத்தான் விளங்கிக்கொள்வார்.

இன்னொரு பொறி, பிரதேச செயலகப் பிரிவுகள் ஆறு. மேலே சொன்ன நான்கோடு ஒட்டுசுட்டான், வெலிஓயா. சபைகளோ நான்கு. வீதி விளக்கு, சந்தை, நூலகக் கணக்கு சபைப்படி வரும். பிறப்பு, உதவித்தொகை, காணிக் கணக்கு செயலகப்படி வரும். இரண்டையும் ஒரே வரிசையில் கூட்டினால் ஒட்டுசுட்டான் இரண்டு தரம் வரும், அல்லது காணாமல் போகும். ‘வன்னி’ என்று தலைப்பிட்ட தேர்தல் கணக்குகளிலும் கவனம். வன்னித் தேர்தல் மாவட்டம் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் போகிறது.

கவுண்டி மாதிரியில் நிர்வாகப் பகுதி பொருந்தவே பொருந்தாது. அங்கே ஷெரிப், ஆணையாளர்கள் எல்லாம் அந்தச் சனங்களின் வாக்கில் வருகிறார்கள், கவுண்டி தானே நிலவரி அறவிட்டு வீதி போடுகிறது. இங்கே மாவட்டம் மத்திய அரசின் கிளை. அரசாங்க அதிபர் (மாவட்டச் செயலாளர்) நியமனத்தில் வருகிறவர், மாவட்டத்துக்கென்று சொந்த வரி இல்லை. ‘மாவட்டத்தின் வருமானம்’ என்ற கட்டத்தில் எதை எழுதினாலும் அது கொழும்பிலிருந்து வந்த ஒதுக்கீடுதான்.

கச்சேரி (மாவட்டச் செயலகம்) வெளியிடும் புள்ளிவிபரக் கைந்நூலில் கிராம அலுவலர் பிரிவு வரை விவரம் கிடைக்கும். ஆனால் அது கிராம அலுவலரின் பதிவு, கணக்கெடுப்பு அல்ல. வாக்காளர் இடாப்புக்காகவும் காணிக்காகவும் இங்கே பதிவை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் இருக்கிற குடும்பங்களும் அதற்குள் வரும். இரண்டையும் கலக்காமல் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எது என்று எழுதுங்கள்.

வான்கதவு பதில்:

விவசாயப் பக்கத்தைப் பண்ணை எண்ணிக்கையில் தொடங்க வேண்டாம், தம்பி. தண்ணி எந்தப் பக்கம் ஓடுது எண்டதில தொடங்குங்கோ. செர்ரி கவுண்டிக்காரனுக்குத் தண்ணி நிலத்துக்குக் கீழ. மணல்மேட்டுக்கு அடியில ஒகல்லாலா நீர்ப்படுகை கிடக்கு, குழாய் இறக்கினால் வரும். இங்க ஆண்டு மழை 1,300 மில்லிமீற்றர் அளவில, அதில பெரும் பங்கு ஒக்டோபரில இருந்து ஜனவரிக்குள்ள. அந்தத் தண்ணியைக் கட்டிப் பிடிச்சால்தான் மிச்ச எட்டு மாதம்.

மாவட்டத்தின்ர தண்ணி மூண்டு பக்கம் பிரியுது. பேராறு முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பி நந்திக்கடலுக்குப் போகுது. பாலியாறு வவுனிக்குளத்தை நிரப்பி மேற்குக் கடலுக்கு. கனகராயன் ஆறு மாங்குளப் பக்கத்தால வடக்க ஏறிக் கிளிநொச்சியில இரணைமடுக் குளத்துக்கு, அங்கயிருந்து சுண்டிக்குளம் கடல்நீரேரிக்கு. வவுனியா வடக்கில ராத்திரி பெய்யிற மழை கிளிநொச்சியில வான்கதவைத் திறக்க வைக்கிறது இதால்தான். 2018 டிசம்பர் வெள்ளம் ரெண்டு மாவட்டத்தையும் சேர்த்து அடிச்சதை இந்தப் படம் இல்லாமல் விளக்கேலாது. ஆறு, குளம், கடல்நீரேரி மட்டும் போட்ட ஒரு படம் ஒரு முழுப் பக்கத்துக்கு வேணும். வீதிப்படம் பிறகு.

அடுத்தது குளத்தின்ர பொறுப்பு. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சிறது சிறு குளம், அது கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதுக்கு மேல நீர்ப்பாசனத் திணைக்களம். ஆனால் துருசை (குளத்தில இருந்து வயலுக்குத் தண்ணி விடுற மதகை) எப்ப திறக்கிறது, எந்த நாளுக்குள்ள விதைச்சு முடிக்கிறது, எந்த நெல்லினம், மாடு எப்ப கட்டவேணும் எல்லாம் போகத் தொடக்கத்தில நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தில கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் இருந்து முடிவெடுக்கிறது. அந்தக் கூட்டத்தின்ர தீர்மானத்துக்கு 2000-ம் ஆண்டு 46-ம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் பின்னால நிக்குது. புதுசா வாற உத்தியோகத்தர் முதலில அறியவேண்டிய கூட்டம் இதுதான், அபிவிருத்திக் குழுக் கூட்டம் இல்லை.

சிறுபோகக் (வெயில்காலப் பயிர்) கணக்கைச் சொல்லித்தாறன், விவரக்கோவையில ஒரு பெட்டியாப் போடலாம். சிறுபோகத்தில ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில ஒரு அடி உயரத்துக்கு நிக்கிற தண்ணி ஒரு ஏக்கர் அடி) தண்ணி பிடிக்கும். உதாரணத்துக்கு ஏப்ரலில குளத்தில 4,000 ஏக்கர் அடி நிக்குது எண்டு வையுங்கோ. ஆயிரம் ஏக்கர் விதைக்கலாம் எண்டு நினைக்கக்கூடாது. வெயிலுக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் அளவில ஆவியாகும், நாலு மாதத்தில ரெண்டடி போயிடும். துருசின்ர மட்டத்துக்குக் கீழ நிக்கிற தண்ணி வயலுக்கு வராது, அது மாட்டுக்கும் மீனுக்கும். வாய்க்கால் ஒழுக்கு வேற. எல்லாம் கழிச்சால் 500, 600 ஏக்கருக்குத்தான் காணும். அப்ப முழு வயல்காரருக்கும் எப்பிடிப் பிரிக்கிறது? பெரும்போகத்தில (மழைகாலப் பயிர்) உள்ள காணி அளவுக்கு ஏத்த மாதிரிப் பங்கு போட்டு, துருசுக்குக் கிட்டின நிலத்தில எல்லாருக்கும் துண்டு குடுக்கிறது. தூரத்து வயல் அந்தப் போகம் சும்மா கிடக்கும். ஆகவே ‘பயிர் செய்யாத நிலம் இத்தனை சதவீதம்’ எண்டு ஓகஸ்ட்டில பாத்து எழுதினால் அது சோம்பல் மாதிரித் தெரியும். அது பங்கீடு.

சராசரிப் பண்ணை எண்ட கட்டமும் இங்க உதவாது. ஒருத்தருக்குக் குளத்துக்குக் கீழ ரெண்டு ஏக்கர், மானாவாரியா ஒரு ஏக்கர், வீட்டோட அரை ஏக்கர் மேட்டுக்காணி இருக்கும். மூண்டையும் கூட்டி மூண்டரை எண்டு எழுதினால் என்ன விளங்கும்? பாசனக் காணி, மானாவாரி, மேட்டுக்காணி மூண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கோ. அளவு கேக்கேக்க ஏக்கரிலயே கேளுங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்து வந்த குடும்பங்கள் ‘பரப்பு’ எண்ட நில அளவில சொல்லுவினம். தோட்டக்காணியில 16 பரப்பு ஒரு ஏக்கர், வயலில 24 பரப்பு ஒரு ஏக்கர், எது எண்டு கேளாமல் எழுதினால் கணக்கு ஒண்டரை மடங்கு பிழைக்கும். விளைச்சலை மூட்டையில எழுதவே வேண்டாம். மூட்டை எல்லாம் ஒரே நிறை இல்லை. கிலோவில, அதுவும் ஈரமா காய்ஞ்சதா எண்டு கேட்டு எழுதுங்கோ. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதத்துக்கு மேல எடுக்காது. வயலடியில வாங்கிற வியாபாரி பச்சை நெல்லை எடுப்பார், ஆனால் கழிவு வெட்டுவார். காயப்போடத் தளம் இல்லாதவன் வித்தே ஆகவேணும். பெப்ரவரியில தார் வீதியின்ர ஒரு பக்கம் நெல்லாக் கிடக்கிறது அதால்தான்.

அழிவு வாற வழியையும் எழுதுங்கோ. மழைக்கு முதல் புழுதியில விதைச்சு, முளைச்ச பிறகு ரெண்டு மூண்டு கிழமை மழை இல்லாட்டி முளை கருகும். பிந்திச் சேத்தில விதைச்சால் நவம்பர் வெள்ளத்தில நாற்று அழுகும். எல்லாம் தப்பினால் கதிர் முத்தேக்க யானை. சிறு குளத்தில குளக்கட்டு உடையிறதுக்குக் காரணம் வெள்ளம் எண்டு பேப்பரில வரும். அநேகமா அதுக்கு முதலே கறையான் புத்தும், கட்டில வளர விட்ட மரத்தின்ர வேரும், மாடு ஏறி இறங்கின தடமும் வேலையை முடிச்சிருக்கும். கட்டின்ர வெளிப்பக்க அடியில தெளிஞ்ச தண்ணி கசிஞ்சால் பாத்துக்கொண்டிருக்கலாம். கலங்கல் தண்ணி வந்தால் உள்ளுக்கு மண் அரிபடுது, அண்டைக்கே சொல்லவேணும்.

பாலைப்பழம்:

அண்ணை, நீர்ப்படத்தை முதல் பக்கத்துக்கே எடுத்துவிட்டோம். மிச்சம் சனங்களைப் பற்றிய பகுதி. மதம், இனம், சாதி என்று வட்டப்படம் போடச் சிலர் சொல்கிறார்கள். காணி உறுதி உள்ளவர்/இல்லாதவர் என்று ஒரு அட்டவணையும் யோசனையில் இருக்கிறது.

அனுமதிப்பத்திரம் பதில்:

வட்டப்படம் வேண்டாம். சனங்கள் எப்போது, எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தார்கள், கையில் எந்தக் காணிப் பத்திரம் இருக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டும் தெரிந்தால் கடன் எடுக்க முடியுமா, மகளுக்குக் காணி கொடுக்க முடியுமா, கிணறு வெட்டத் துணிவார்களா என்பது வரை தெரிந்துவிடும். மதத்தை வைத்து இதில் ஒன்றையும் அறிய முடியாது.

முள்ளியவளை, தண்ணீரூற்று, குமுழமுனை, ஒட்டுசுட்டான் போன்றவை பழைய ஊர்கள். கோயிலும் குளமும் சேர்ந்து நிற்கும், தனியார் உறுதிக் காணி இங்கேதான் கூடுதலாகக் கிடைக்கும். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலை எடுத்துக்கொண்டால், பாக்குத்தெண்டல் (பாக்குச் சேகரித்தல்), கடலில் தீர்த்தமெடுத்தல், காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்தல், வைகாசித் திங்கட்கிழமையில் பொங்கல் என்று அதன் ஒவ்வொரு படியும் வெவ்வேறு ஊரோடும் குடும்பத்தோடும் கட்டுப்பட்டது. பழைய ஊர்களுக்கிடையிலான உறவை அறிய அந்த ஒழுங்கை எழுதினாலே போதும். கற்சிலைமடுவில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லும் இந்தப் பகுதிக்குள் வரும். 1803 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினார், ஒக்டோபர் முடிவில் பிரித்தானியப் படையதிகாரி வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றார். இரண்டு வரி காணும். வீர வரலாற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்கினால் இன்றைய சனங்களுக்கு இடம் இருக்காது.

அடுத்து குடியேற்றத் திட்டங்கள். முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களில் அரசாங்கம் காணி பிரித்துக் கொடுத்தது, படித்த வாலிபர் திட்டமும் அதில் அடக்கம். 1970-களில் இறக்குமதித் தடை இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் காசு கொட்டின. 1977-க்குப் பிறகு சந்தை திறந்ததும் விலை விழுந்தது. அந்தக் காலத்துக் கல்வீடுகளும் கிணறுகளும் அந்தச் சில வருட உழைப்புத்தான். இந்தக் காணிகள் 1935-ம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அனுமதிப்பத்திரக் காணிகள். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பத்திரக்காரர் இறந்தால் வாழ்க்கைத்துணைக்கு ஆயுள்வரை, பிறகு பெயர் குறித்த பின்னுரித்தாளருக்கு. பெயர் குறிக்காமல் இறந்தால் சட்டத்தின் அட்டவணைப்படி ஆண் வாரிசு முந்துவது பழைய முறை, 2022-ல்தான் அந்தப் பால் வேறுபாடு திருத்தப்பட்டது. உரித்துள்ளவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுக்காவிட்டாலும் உரித்து இழக்கப்படலாம். போரில் பத்திரக்காரரும் பின்னுரித்தாளரும் சேர்ந்தே இல்லாமல் போன குடும்பங்களில் இந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. உங்கள் அட்டவணையில் ‘உறுதி உண்டு/இல்லை’ என்று இரண்டு கட்டம் போட்டால் இவர்கள் எல்லாரும் ‘இல்லை’ பக்கம் விழுந்து, அத்துமீறிக் குடியிருப்பவர்கள் போலத் தெரிவார்கள். உறுதி, அளிப்புப் பத்திரம், அனுமதிப்பத்திரம், பத்திரம் தொலைந்து கச்சேரிப் பேரேட்டில் மட்டும் உள்ளவர், ஒன்றுமே இல்லாதவர் என்று ஐந்து வேண்டும்.

ஐந்தாவது கட்டத்தில் கூடுதலாக இருப்பவர்கள் பிந்தி வந்தவர்கள். மலையகத்திலிருந்து 1970-களின் பஞ்சத்தோடும் 1977 கலவரத்தோடும் வந்த குடும்பங்கள் கூலிக்கு உழைத்துக் காட்டோரத்தில் குடியேறினார்கள். மணலாற்றில் (இன்றைய வெலிஓயா) கென்ற் பண்ணை, டொலர் பண்ணையில் இருந்தவர்கள் 1984-ல் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனங்களும் இடம்பெயர்ந்தார்கள், போர் முடிந்த பிறகுதான் திரும்ப முடிந்தது. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டவர்கள். பலருக்குப் புத்தளத்தில் ஒரு வீடு, இங்கே ஒரு காணி. வெலிஓயாவின் சிங்களக் குடியேற்றம் 1980-களில் தொடங்கியது. இவை ஒவ்வொன்றையும் ஆண்டோடு எழுதுங்கள், அடைமொழி இல்லாமல்.

இன்னொன்று, முப்பது வருடம் விட்டுப்போன வயலில் காடு வளர்ந்துவிட்டது. 2001-ம் ஆண்டின் 5-ம் இலக்கச் சுற்றறிக்கையால் எஞ்சிய அரச காடுகள் வனத் திணைக்களத்தின் பொறுப்புக்குப் போயின. திரும்பி வந்தவர்கள் தங்கள் வயலில் எல்லைக்கல்லைக் கண்டார்கள். 2020-ல் சுற்றறிக்கை நீக்கப்பட்டாலும் கல் தானாக எழும்பிப் போகாது. இடத்துக்கு இடம் விடுவிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ‘வனப்பரப்பு’ என்ற எண்ணைப் பெருமைக்காக மட்டும் போடாதீர்கள்.

வீடுகளைப் பற்றி ஒரு வரி. ஒரே அளவில் வரிசையாகத் தெரிபவை பெரும்பாலும் இந்திய வீட்டுத்திட்டம், வீட்டுக்கு 5,50,000 ரூபா, குடும்பமே கட்டவேண்டும். சீமெந்து விலையும் கூலியும் ஏறினதும் மிச்சத்துக்குக் கடன். பிறகு நுண்கடன். பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை 2018-ல் அரசாங்கம் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. வீட்டின் எண்ணிக்கையை வசதியின் அளவாக எடுக்க முடியாது.

சோளகம் பதில்:

எல்லாரும் வயலையே கதைக்கிறியள். கரைப்பக்கம் வேற மாவட்டம் மாதிரி.

எங்களுக்குப் போகம் காத்துதான். வாடை (வடகிழக்குக் காத்து) நேரம், ஒக்டோபரில இருந்து ஜனவரி வரைக்கும், கடல் எழும்பும், படகு இறங்காத நாள் கன. வயல்காரனுக்கு மழை வேணும் எண்ட அந்த மாதங்கள்தான் கரையில அடைவு வைக்கிற மாதங்கள். சோளகத்தில (தென்மேற்குக் காத்து நேரம்) எங்கட கடல் தணியும், மேற்குக் கரைக் கடல் எழும்பும். அதால தெற்கு, மேற்குக் கரைக்காரர் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுவினம். சண்டை வாறது மீன் குறைவாலயும்தான், ஆனால் முக்கியமாக் கரைவலைப் பாட்டால. பாடு எண்டால் ஒரு வலை வளைச்சு இழுக்கிற கரைத்துண்டு, அதுக்கு அனுமதி வேணும், ரெண்டு பேருக்கு ஒரே துண்டு குடுக்கேலாது. ஆர் எந்தப் பாட்டில எண்ட படம் இல்லாமல் கரைச்சனத்தைப் பற்றி எழுதிப் பிரயோசனம் இல்லை.

நந்திக்கடல் தனி. ஆழம் குறைஞ்ச நீரேரி, வட்டுவாகலில கடலோட சேரிற வாய் மணலால மூடிப்போகும். மழை வெள்ளத்தில திறந்தால் இறால் குஞ்சு உள்ள வரும், பிந்தித் திறந்தால் அந்த வருசம் இறால் குறைவு. வெயில் காலத்தில தண்ணி வத்திச் சூடேறினால் மீன் செத்து மிதக்கும். உடனே ஆரோ நஞ்சு போட்டினம் எண்டு கதை பரவும், பலதரம் தண்ணியில ஒட்சிசன் காணாததுதான். 2017-ல நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கமா வர்த்தமானியில வந்தது, அதுக்குப் பிறகு எந்த எல்லைக்குள்ள வலை போடலாம் எண்ட கேள்வியும் சேர்ந்திட்டு.

கச்சேரிப்பக்கம்:

சோளகம் சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். கரையூர்களில் 2004 சுனாமிக்கு முந்திய குடும்பப் பதிவுகள் பல அழிந்துவிட்டன. கோயிற்பற்றின் ஞானஸ்நானப் புத்தகமும் பாடசாலை அனுமதி இடாப்பும் எஞ்சியிருக்கும் இடங்களில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள், பெயர்களை அச்சிடாமல் எண்ணை மட்டும் எடுங்கள்.

தகவல் எடுக்கப் போகும் நேரம் முக்கியம். வயலூர்களுக்கு ஜனவரிக் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை போகாதீர்கள். அறுவடையில் ஒருவரும் உட்கார்ந்து கதைக்க மாட்டார்கள், சொல்லும் விளைச்சலும் வியாபாரிக்குச் சொல்லும் விளைச்சலாகத்தான் இருக்கும். ஏப்ரலில் சிறுபோகக் கூட்டத்துக்கு ஒரு கிழமை முதல் போனால் கமக்காரர் அமைப்பின் செயலாளர் ஏக்கர் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். கரைக்கு நவம்பரில் போங்கள், வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். ஆனால் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதைகளில் அந்த மாதம் மோட்டார் சைக்கிளை நம்ப வேண்டாம்.